பண்பாடா, ஏற்பாடா? சீனரும் அமெரிக்கரும் உழைக்கும் விதம் ஏன் வேறுபடுகிறது

2025 நவம்பரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சீனாவின் '9-9-6' என்ற, வாரம் 72 மணி நேர வேலைமுறையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் அவர் சொன்ன கருத்துக்கு அது புதிய துணையாக வந்து சேர்ந்தது. அதே 2025-இல் அமெரிக்காவின் செயற்கை நுண்ணறிவு ஸ்டார்ட்அப் நிறுவனங்கள் சில, வாரம் 70 மணி நேரம் உழைக்கத் தயாராக இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரத்திலேயே எழுதத் தொடங்கின. சீனாவிலோ, அரசின் உச்ச நீதிமன்றமே 9-9-6 சட்டவிரோதம் என்று 2021-இல் அறிவித்துவிட்டது.

ஒரு நாடு சட்டவிரோதம் என்று சொல்வதை இன்னொரு நாடு இறக்குமதி செய்கிறது. மூன்றாவது நாடு அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். இந்த விவாதம் எப்போதும் ஒரே இடத்தில் போய் நிற்கிறது: 'சீனர்கள் பிறவி உழைப்பாளிகள், அமெரிக்கர்கள் சொந்த வாழ்க்கையைப் பெரிதாக நினைப்பவர்கள்.' இந்த விளக்கம் எளிமையாக இருக்கிறது, ஆனால் உண்மைகளோடு ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

9-9-6 என்றால் என்ன?

காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரத்தில் 6 நாள். கணக்குப்படி 72 மணி நேரம். சீனாவின் இணையத் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேரூன்றிய முறை இது. 2019 மார்ச் மாதம் சீன நிரலாளர்கள், நிரல்களைப் பகிரும் 'கிட்ஹப்' தளத்தில் '996.ஐசியு' என்ற பக்கத்தைத் தொடங்கியபோதுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது. 9-9-6 வேலை செய்தால் கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் படுக்க வேண்டும் என்பது பெயரின் பொருள். அடுத்த மாதமே அலிபாபா நிறுவனர் ஜாக் மா, 9-9-6 வேலை செய்யக் கிடைப்பது ஒரு பெரும் பேறு என்று பேசினார். அந்தப் பேச்சு சீனாவிலேயே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது.

இந்த 72 மணி நேரத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சீன அலுவலகங்கள் பலவற்றில் மதிய உணவு முடிந்ததும் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். மேசைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் கட்டிலை விரித்து, கண்ணுக்குத் துணிப்பட்டை கட்டிக்கொண்டு ஊழியர்கள் தூங்குவார்கள். குட்டித் தூக்கம் போடுபவரை அங்கே யாரும் சோம்பேறி என்று நினைப்பதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் இருப்பவருக்கு இலவச உணவு, ஒன்பது பத்து மணிக்கு மேல் கிளம்புபவருக்கு டாக்சிக் கட்டணம் என்று சலுகை தரும் நிறுவனங்கள் உண்டு. ஏழரைக்கே வேலை முடிந்தாலும் எட்டரை வரை உட்கார்ந்திருக்க இது ஒரு காரணம். மேலதிகாரி எழுந்து போகும் முன் தான் எழுந்து போகத் தயங்குவது இன்னொரு காரணம். ஆகவே 72 மணி நேரமும் உழைப்பு என்று எண்ணிக் கொள்வது தவறு. ஆனால் அது முழுவதும் வீட்டிலிருந்து பறிக்கப்பட்ட நேரம் என்பதில் தவறில்லை. குழந்தை தூங்கிய பிறகு வீடு திரும்பும் தந்தைக்கு, அலுவலகத்தில் ஒரு மணி நேரம் தூங்கக் கிடைத்தது ஈடாகாது.

சட்டம் எந்தப் பக்கம் கடுமையானது?

பெரும்பாலோர் தலைகீழாக நினைத்திருப்பது இங்கேதான். காகிதத்தில் சீனச் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கடுமையானது.

சீனாவில்:

1. வேலைநேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி. 1994-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் வாரத்துக்கு 44 என்று வைத்தது. 1995-இல் சீன அமைச்சரவையான அரசவை அதை 40 ஆகக் குறைத்தது.
2. ஓவர்டைம் மாதத்துக்கு 36 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.
3. ஓவர்டைம் கூலி சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு. மாற்று விடுப்பு தராமல் வார ஓய்வு நாளில் வேலை வாங்கினால் இரு மடங்கு. அரசு விடுமுறை நாளில் மூன்று மடங்கு.

அமெரிக்காவில்:

1. 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டப்படி, வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கூலி.
2. வயது வந்த தொழிலாளி வாரத்துக்கு அதிகபட்சம் இத்தனை மணி நேரம்தான் உழைக்கலாம் என்ற உச்சவரம்பு அந்தச் சட்டத்தில் கிடையாது.
3. நிர்வாகம், மேலாண்மை, தொழில்முறைப் பணி ஆகியவற்றில் இருப்பவர்கள், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கினால் ஓவர்டைம் விதிக்கே வெளியே. அந்த எல்லையும் உயரமானதல்ல: வாரம் 684 டாலர். கணினித் துறையினர் பலர் இந்த வகைக்குள் வந்துவிடுவார்கள்.

ஆக, மாதச் சம்பளம் வாங்கும் ஒரு கணினிப் பொறியாளரிடம் 72 மணி நேர வேலை கேட்பது சீனாவில் சட்டமீறல். அமெரிக்காவில் பெரும்பாலும் சட்டபூர்வமானது.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சீனப் புள்ளியியல் துறையின் கணக்குப்படியே, 2023-இல் நிறுவன ஊழியர்களின் சராசரி வேலைநேரம் வாரத்துக்கு 49 மணி. வாரம் 40 மணியோடு, அனுமதிக்கப்பட்ட 36 மணி ஓவர்டைமை மாதம் முழுவதற்கும் பிரித்துச் சேர்த்தால் 48 மணியைச் சற்றுத் தாண்டும். சட்டம் வைத்த உச்சவரம்பு எதுவோ, அதற்கும் மேலே நிற்கிறது நாட்டின் சராசரி! அமெரிக்கத் தனியார் துறையில் சராசரி 34 மணி அளவில் இருக்கிறது. பகுதிநேர ஊழியர்களையும் சேர்த்த கணக்கு அது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. இருந்தாலும் இடைவெளி பெரியது.

சட்டம் ஏன் செல்லுபடியாகவில்லை? ஆளும் பொதுவுடைமைக் கட்சியின் கட்டுப்பாட்டில் உள்ள அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பைத் தவிர வேறு சங்கத்துக்கு அங்கே இடமில்லை. முன்பு அரசியலமைப்பில் இருந்த வேலைநிறுத்த உரிமை 1982-இல் நீக்கப்பட்டது. முதலீட்டுக்காக ஒன்றோடொன்று போட்டியிடும் உள்ளாட்சி அரசுகளுக்கு, தங்கள் ஊருக்கு வரி கட்டும் நிறுவனத்தை நெருக்க மனம் வருவதில்லை. மிச்சம் இருப்பது தனி மனிதர் தனியாகப் போடும் வழக்குதான். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் மனிதவள அமைச்சகமும் சேர்ந்து வெளியிட்ட பத்து முன்மாதிரி வழக்குகளில் ஒன்று இதைக் காட்டுகிறது. ஒரு கூரியர் நிறுவனத்தில் 8,000 யுவான் சம்பளத்தில் சேர்ந்தவர், காலை 9 முதல் இரவு 9 வரை ஆறு நாள் வேலை செய்ய முடியாது என்றார். தகுதிகாண் காலத்திலேயே அவரை வெளியே அனுப்பினார்கள். நடுவர் மன்றம் அவர் பக்கமே நின்றது. கிடைத்த இழப்பீடு ஒரு மாதச் சம்பளம், 8,000 யுவான். வென்றும் வேலை போனது போனதுதான்.

பண்பாடு என்ற விளக்கம் எங்கே உடைகிறது?

கன்பூசிய நெறி, 'கசப்பை உண்ணுதல்' என்று சீனர்கள் சொல்லும் பொறுமை, பெற்றோருக்குக் கடன்பட்ட உணர்வு ஆகியவை உண்மையாகவே இருப்பவை. அமெரிக்காவின் புராட்டஸ்டன்ட் மரபில் தொழில் கடவுள் இட்ட அழைப்பு. அறிமுகமாகும் இருவர் முதலில் கேட்டுக்கொள்வது 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்பதுதான். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுப் பண்பாடு முப்பது ஆண்டில் மாறாது. சீனாவின் உழைப்பு முப்பது ஆண்டில் தலைகீழாக மாறியது.

மாவோ காலத்து நகரத் தொழிலாளிக்கு இருந்த வேலைக்கு 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்று பெயர். கீழே போட்டாலும் உடையாது. வீடு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி, ஓய்வூதியம் எல்லாம் வேலையிடம் தந்தது. நீக்கம் என்ற பேச்சே இல்லை. 'கூடச் செய்தாலும் குறையச் செய்தாலும் ஒன்றே' என்பது அக்காலத் தொழிற்சாலைகளில் வழங்கிய சொல். கிராமத்திலும் அதே கதை. வயல் கூட்டுப்பண்ணைக்குச் சொந்தம். விளைச்சல் எவ்வளவு கூடினாலும் உழுதவன் பங்கு பெரிதாகக் கூடாது.

1978-இன் இறுதியில், அன்ஹுய் மாநிலத்தின் ஷியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் இரகசியமாகக் கூடினார்கள். கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதி, சிவப்பு மையில் விரல் பதித்தார்கள். விஷயம் வெளியே தெரிந்து யாராவது சிறைக்குப் போனால், அவருடைய குழந்தைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருந்தது. அடுத்த அறுவடை பல மடங்கு பெருகியது. மண்ணும் கையும் மாறவில்லை. கூடுதல் உழைப்பின் பலன் யாருக்கு என்ற ஏற்பாடு மாறியது. அந்த 18 பேரைச் சோம்பேறிகள் என்று 1977-இல் யாராவது எழுதியிருக்கக்கூடும். பிறவி உழைப்பாளிகள் என்று 1980-இல் எழுதியிருக்கக்கூடும். இரண்டுமே பிழையாக இருந்திருக்கும்.

சில ஆண்டுகளில் ஷென்ஜென் நகரின் ஷெகோ தொழிற்பேட்டையில் ஒரு பெரிய பலகை எழுந்தது: 'நேரமே பணம், செயல்திறனே உயிர்.' முதல் பாதி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1748-இல் எழுதியது. பொதுவுடைமைக் கட்சி ஆளும் நாட்டில், அமெரிக்க அச்சுத் தொழிலாளி ஒருவரின் வாக்கியம் தொழிற்பேட்டையின் முழக்கமானது.

அமெரிக்கப் பக்கமும் அப்படித்தான். 1886 மே முதல் நாள், எட்டு மணி நேர வேலைக்காக அமெரிக்கா முழுவதும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உலகம் கொண்டாடும் மே தினம் சிகாகோவின் அந்தப் போராட்டத்திலிருந்தே வருகிறது. 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் ஏற்றிய செங்கொடியும் அதன் தொடர்ச்சியே. 1913-இல் ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிற்சாலையில் சுமார் 14,000 பணியிடங்களை நிரப்பி வைத்திருக்க, அந்த ஒரே ஆண்டில் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஓடும் பட்டைக்கு முன்னால் நிற்கப் பிடிக்காமல் அந்த அளவுக்கு ஓடிப்போனார்கள். 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர், 8 மணி நேர வேலை என்று ஃபோர்டு அறிவித்ததும் வாசலில் கூட்டம் முண்டியடித்தது. 'அமெரிக்க உழைப்பு நெறி' என்று பிறகு புகழப்பட்டதில் இந்தக் கூலிக்கும் அந்தப் போராட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

வேலை போனால் என்ன ஆகும்?

ஒருவர் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை அறிய, வேலை போனால் அவருக்கு என்ன ஆகும் என்று கேட்பது நல்ல வழி.

சீனாவில்:

1. ஹுகோவ் என்னும் குடிப்பதிவு. 1958 முதல் ஒவ்வொருவரும் குடும்பத்தின் சொந்த ஊரோடு பதிவால் கட்டப்பட்டிருக்கிறார். கிராமப் பதிவோடு பிழைப்பு தேடிச் சென்ற கிட்டத்தட்ட 30 கோடித் தொழிலாளர்களில் பலருக்கு, வேலை செய்யும் நகரத்தில் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பதே போராட்டம். அவர்களுக்கு நகரம் சம்பாதிக்கும் இடம் மட்டும். ஊரில் விட்டு வந்த குழந்தையை ஆண்டுக்கொரு முறை வசந்த விழாவுக்குத்தான் பார்க்க முடிகிறது என்றால், மிச்ச நாட்களில் முடிந்த மட்டும் ஓவர்டைம் செய்து பணம் சேர்ப்பதே நியாயமான முடிவாகிறது. ஓவர்டைம் தராத தொழிற்சாலையை விட்டுத் தொழிலாளர்கள் விலகுவது இதனால்தான். அதை உழைப்பின் மீதுள்ள காதல் என்று படிக்கக் கூடாது.
2. 35 வயது. தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் 35 வயது என்பது எழுதியும் எழுதாமலும் எல்லையாக நிற்கிறது. அரசே அதற்கு வழிகாட்டியது: தேசியக் குடிமைப் பணித் தேர்வுக்கும் அதுதான் உச்சவரம்பு. 2025 அக்டோபரில்தான் பொதுவான வரம்பை 38 ஆக்கினார்கள். பதினைந்து ஆண்டுகளில் சம்பாதித்து முடிக்க வேண்டும் என்று நினைப்பவர் வார இறுதியைப் பற்றி யோசிக்க மாட்டார்.
3. முதுமை. கிராமப்புறத்தவருக்கான அடிப்படை ஓய்வூதியம் சராசரியாக மாதம் 200 யுவானைச் சற்றே தாண்டும். ஒரே பிள்ளைக் கொள்கை 1980 முதல் 2015 வரை நடந்தது. நகரங்களில் இரு பெற்றோரை மட்டுமின்றி, மணமான பின் நால்வரைத் தாங்க வேண்டிய தலைமுறை இன்று அலுவலகங்களில் இருக்கிறது.

அமெரிக்காவில் பயம் வேறு வடிவில் வருகிறது. மொண்டானா தவிர மற்ற மாநிலங்களில் முதலாளி காரணம் சொல்லாமலே ஒருவரை நீக்கலாம். சங்க ஒப்பந்தம் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் 2024-இல் சங்கத்தில் இருந்தவர்கள் 9.9 சதவீதம்தான். நீக்கத்தோடு மருத்துவக் காப்பீடும் போகும். காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது ஒரு தற்செயல்: இரண்டாம் உலகப் போரின்போது அரசு கூலி உயர்வைத் தடுத்தது, ஆள் பிடிக்க நிறுவனங்கள் காப்பீட்டைச் சலுகையாகக் கொடுத்தன, பிறகு அதற்கு வரிவிலக்கும் நிலைத்துவிட்டது. இன்று 15 கோடிக்கு மேற்பட்டோர் இப்படித்தான் காப்பீடு பெறுகிறார்கள். சம்பளத்தோடு கூடிய விடுப்பு தர வேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குக் கூட 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரச் சம்பளமில்லாத விடுப்பு; அதுவும் தனியார் துறையில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில். சீனாவிலோ, சம்பளத்தோடு குறைந்தது 5 நாள் ஆண்டு விடுப்பு 2008 முதல் சட்டப்படி உண்டு.

அமெரிக்கருக்குச் சாதகமாக இருப்பது இன்னொன்று. 45 வயதில் வேலை மாறலாம், 50-இல் படிக்கப் போகலாம், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் பிள்ளை அங்குள்ள அரசுப் பள்ளியில் சேரும். முதலாளிக்கு 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகும் துணிவு இதிலிருந்து வருகிறது. 2021-இல் மட்டும் 4.7 கோடி முறை அமெரிக்கர்கள் தாமாக வேலையை விட்டார்கள்.

இரண்டும் ஒரே கூரையின் கீழ்: மொரேன்

ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கு அருகே மொரேன் என்ற ஊர். அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2008 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு மூடப்பட்டது. 2014-இல் அந்தக் கட்டடத்தை ஃபூயாவ் என்ற சீனக் கார்க் கண்ணாடி நிறுவனம் வாங்கியது. 2016 அக்டோபரில் திறப்பு விழா. 50 கோடி டாலருக்கு மேல் முதலீடு. வேலை திரும்பி வந்தது. பழைய கூலி வரவில்லை. முன்பு வாங்கியதில் பாதி கூடப் பலருக்குக் கிடைக்கவில்லை.

கற்றுக்கொடுக்க நூற்றுக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் வந்தார்கள். நிறுவனத்தின் தாயகமான சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் அவர்கள் 12 மணி நேர ஷிஃப்டுக்கும் மாதத்தில் ஓரிரு நாள் விடுப்புக்கும் பழகியவர்கள். அமெரிக்கர்கள் எட்டு மணி நேரம் உழைத்து, சனி ஞாயிறு வீட்டில் இருக்க நினைத்தார்கள். உலை வாயின் சூட்டையும் உடைந்த கண்ணாடியையும் பற்றிக் கேள்வி கேட்டார்கள். சீன மேலாளர்களுக்கு இது மெத்தனமாகத் தெரிந்தது. அமெரிக்கர்களுக்கு அவர்களின் அவசரம் ஆபத்தாகத் தெரிந்தது. 2016-இல் மத்தியப் பணியிடப் பாதுகாப்புத் துறை, இயந்திரப் பாதுகாப்பு உள்ளிட்ட குறைகளுக்காக 2 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் முன்மொழிந்தது.

இதுவரை பண்பாட்டு மோதல் என்றே தோன்றும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறொன்று தெரியும். சீனத் தொழிலாளர்கள் மனைவி மக்களைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, சில பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள். ஷிஃப்ட் முடிந்து போக அவர்களுக்கு வீடு இல்லை. அமெரிக்கருக்கு வீடும் பிள்ளையும் பத்து நிமிடத் தொலைவில். இடத்தை மாற்றி வைத்தால் பழக்கமும் மாறும்.

2017 நவம்பரில் சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் 868, வேண்டும் 444. தனி மனித உரிமைக்குப் பெயர்போன அமெரிக்கத் தொழிலாளர்களே மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். வாசல் மூடிய அந்த டிசம்பர் நாள் யாருக்கும் மறந்திருக்கவில்லை.

இளையவர்கள் சொல்லும் புதிய சொற்கள்

சீனாவில் 2020 வாக்கில் 'நெய்ஜுவான்' என்ற சொல் பரவியது. எல்லோரும் கூடுதலாக உழைத்தும் யாருக்கும் கூடுதலாகக் கிடைக்காத போட்டி என்று பொருள். அடுத்த ஆண்டு 'தாங் பிங்' வந்தது: கிடப்பது, அதாவது ஓட்டத்திலிருந்து விலகிப் படுத்துவிடுவது. 2023 ஜூனில் 16 முதல் 24 வயதினரின் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டதும் அரசு அந்தக் கணக்கை வெளியிடுவதைச் சில மாதம் நிறுத்தியது. அமெரிக்காவில் 2022-இல் 'ஓசையில்லாமல் விலகுதல்' பேச்சானது: சம்பளத்துக்கு உண்டான வேலையை மட்டும் செய்வது. வெவ்வேறு சமூக ஊடகங்களில் பேசும் இரு நாட்டு இளைஞர்கள், ஓராண்டு இடைவெளியில் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பண்பாடுதான் காரணம் என்போர் இதை எப்படி விளக்குவார்கள்?

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில், டிக்டாக் செயலியை நடத்தி வந்த பைட்டான்ஸ் நிறுவனம், ஒரு வாரம் ஐந்து நாள், மறுவாரம் ஆறு நாள் என்ற முறையைக் கைவிட்டபோது, அங்கிருந்த எல்லோரும் மகிழவில்லை. கூடுதல் நாளுக்கு இரட்டைக் கூலி கிடைத்து வந்தது. அது போனதும் வருமானம் குறைந்தது. வீட்டுக் கடன் கட்டுபவருக்கு ஞாயிற்றுக்கிழமை இலவசமாக வருவதில்லை.

9-9-6 அமெரிக்கா போனால்

சீனாவில் நீதிமன்றம் கண்டித்ததை அமெரிக்க ஸ்டார்ட்அப் நிறுவனம் விளம்பரத்தில் போட முடிவது, மேலே சொன்ன உச்சவரம்பில்லாத சட்டத்தால்தான். பங்கு வைத்திருக்கும் நிறுவனருக்கு 72 மணி நேரம் பலன் தரக்கூடும். அவரிடம் சம்பளத்துக்கு இருப்பவர்களில் ஒரு பகுதியினர் எச்-1பி விசாவில் இருப்பவர்கள். அந்த விசாவில் பத்தில் ஏழு இந்தியர்களுக்குப் போகிறது, தமிழ்நாட்டுப் பொறியாளர்களும் அதில் ஏராளம். அவர்களுக்கு வேலை போனால் புதிய முதலாளியைத் தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள். அதற்குள் கிடைக்காவிட்டால், வேறு விசா நிலைக்கு மாற வேண்டும் அல்லது வீட்டைக் காலி செய்து, பிள்ளையின் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். சனிக்கிழமையும் வர முடியுமா என்று மேலாளர் கேட்கும்போது விசாவில் இருப்பவர் 'முடியும்' என்கிறார். பக்கத்து மேசையில் இருக்கும் அமெரிக்கர் 'முடியாது' என்கிறார். இருவரும் ஒரே நாட்டில், ஒரே நிறுவனத்தில், ஒரே தொழிலாளர் சட்டத்தின் கீழ் இருப்பவர்கள்.